நல்ல கார்னர் நிக்கிற பக்கம் பந்தே போடக்கூடாதா?

ஆசிரியருக்கு வணக்கம்.

நான் சியாட்டில் பக்கத்துல பெல்வியூல குடியிருக்கேன், உங்க பேப்பரை தினமும் காலைல காபி ஆறுறதுக்குள்ள போன்லயே படிச்சு முடிச்சிடுவேன். ஊர்ச் செய்திக்காகத்தான் படிக்கிறது, ஆனா போன ஞாயித்துக்கிழமை விளையாட்டுப் பக்கத்துல அமெரிக்கன் ஃபுட்பால் பத்தி அரைப் பக்கம் போட்டிருந்தீங்க பாருங்க, அதைப் பாத்ததும் செம சந்தோஷம், பரவால்லயே நம்ம பேப்பர்ல கூட இதெல்லாம் வர ஆரம்பிச்சிடுச்சேன்னு வீட்டுக்காரம்மாகிட்ட காட்டினேன். முழுசா படிச்சு முடிச்சப்புறம் கொஞ்சம் கடுப்பாயிடுச்சு. அதான் இந்தக் கடிதம். நீளமாப் போச்சுன்னா வெட்டிக்கோங்க, ஆனா திருத்தத்த மட்டும் வெட்டிடாதீங்க.

திருத்தம் இதுதான். 2014 ஜனவரி 19, எங்க ஊர் சீஹாக்ஸுக்கும் சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸுக்கும் நடந்த என்எஃப்சி ஃபைனல்ல (சூப்பர் பவுலுக்கு முந்தின கட்டம்), கடைசில ஃபார்ட்டிநைனர்ஸ் க்வார்ட்டர்பேக், அதாவது பந்தை எறியுற ஆளு, கேப்பர்னிக் போட்ட பந்தை எங்க கார்னர்பேக் ரிச்சர்ட் ஷெர்மன் பிடிச்சாருன்னு எழுதியிருக்கீங்க. அவர் பிடிக்கவே இல்ல சார். எகிறி இடது கையால தட்டிவிட்டாரு, அவ்ளோதான். பின்னாடியே ஓடி வந்து அதைப் பிடிச்சது மால்கம் ஸ்மித். அந்த ஸ்மித்தான் ரெண்டு வாரம் கழிச்சு சூப்பர் பவுல்ல, அதாவது லீக்கோட இறுதி ஆட்டத்துல, டென்வரை 43-8ன்னு பொளந்தப்போ எம்விபி (ஆட்ட நாயகன்) வாங்கினவரு. ஷெர்மன் மைக் முன்னாடி கத்துனதுதான் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு, பந்தைப் பிடிச்ச மனுஷன் பேரு யாருக்கும் ஞாபகம் இல்ல, நீங்களாவது போட்டிருக்கலாம்.

இப்ப விஷயத்துக்கு வரேன். அந்த மேட்சை வெச்சு உங்க கட்டுரையாளர் ஒரு தீர்ப்பே எழுதிட்டாரு, டாப் கார்னர்பேக் நிக்கிற பக்கம் பந்து போடுற க்வார்ட்டர்பேக் மடையன்னு. எனக்கு இது ஒத்துவரல. பத்து பன்னெண்டு வருஷமா இந்த ஆட்டத்தைப் பாத்துக்கிட்டிருக்கேன், ஆரம்பத்துல நானும் அப்படித்தான் பேசிட்டிருந்தேன்.

கார்னர்பேக்னா யாருன்னு தெரியாதவங்களுக்கு, கபடில லெஃப்ட் கார்னர் ரைட் கார்னர்னு ஓரத்துல நிப்பாங்கல்ல, கிட்டத்தட்ட அந்த மாதிரி ஓரத்துக் காவல். எதிரணில பந்தைப் பிடிக்க வேண்டிய ரிசீவர் ஓடுவான், இவன் கூடவே ஓடணும், அதுவும் எந்தப் பக்கம் திரும்பப் போறான்னு தெரியாம பின்பக்கமாவே ஓடி ஆரம்பிக்கணும். பந்து வந்தா தட்டணும், முடிஞ்சா பிடிக்கணும். கபடில ஒரு பக்கத்து கார்னர் கை இரும்பு மாதிரி இருந்தா ரெய்டர் என்ன பண்ணுவான், மத்தப் பக்கமே போயிட்டு வருவான். நாலு ரெய்டு அப்படிப் போனா எதிர்ல நிக்கிற ஏழு பேருக்கும் தெரிஞ்சிடும் இவன் எந்தப் பக்கம் வருவான்னு, சங்கிலியே அந்தப் பக்கம் சாஞ்சிடும். அப்புறம் தொட்டுட்டு திரும்புறது எப்படி?

இதே கதைதான் 2014 செப்டம்பர் 4ம் தேதி நடந்துச்சு. சீசனோட மொத மேட்ச், க்ரீன் பே பேக்கர்ஸ் சியாட்டிலுக்கு வந்திருந்தாங்க. அவங்க க்வார்ட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸ் மாதிரி கை யாருக்கும் கிடையாது, அப்பேர்ப்பட்ட ஆளு மேட்ச் முழுக்க 33 பந்து போட்டாரு, அதுல ஷெர்மன் காவல் காத்துக்கிட்டிருந்த ரிசீவருக்கு ஒண்ணே ஒண்ணு கூட போடல. ஷெர்மன் எப்பவும் இடது ஓரத்துலதான் நிப்பாரு, யாரையும் துரத்திக்கிட்டு மத்தப் பக்கம் போக மாட்டாரு, அதனால பேக்கர்ஸ் ஜாரெட் பாய்கினை அவர் முன்னாடி நிறுத்திட்டு நல்ல ஆளுங்களை எல்லாம் எதிர்ப்பக்கம் கொண்டு போயிட்டாங்க. கேக்கும்போது புத்திசாலித்தனமாத்தான் இருக்கு. கடைசில என்னாச்சு? ராட்ஜர்ஸ் போட்டது மொத்தமே 189 யார்டு, 36-16ன்னு தோல்வி. இதுல காமெடி என்னன்னா, ஷெர்மனுக்குப் பயந்துதானே அந்தப் பக்கம் போனாங்க, அங்க ஜோர்டி நெல்சன் கைல பட்டு எகிறுன பந்தை பைரன் மேக்ஸ்வெல் லட்டு மாதிரி அள்ளிக்கிட்டாரு. கல்லுக்குப் பயந்து முள்ளுல உக்காந்த கதை.

மைதானம் அகலம் 53 யார்டு சொச்சம். அதுல மூணுல ஒரு பங்கை நீங்களே கோடு போட்டு இது எனக்கு வேணாம்னு குடுத்துட்டீங்கன்னா, நடுவுல பின்னாடி நிக்கிற சேஃப்டிக்கு (சியாட்டில்ல அப்போ ஏர்ல் தாமஸ், அந்த ஆளு வேகம் தனிக் கதை) அந்தப் பக்கம் பாக்க வேண்டிய அவசியமே இல்ல, ஒரு காலை நீங்க போடப்போற பக்கமே வெச்சுக்கிட்டு நிக்கலாம். ஆக ஷெர்மன் பந்தைத் தொடாமயே ரெண்டு ஆள் வேலை பாத்துட்டாரு.

இதை நான் டிவில பாத்துக் கத்துக்கலைங்க, பையன் மேட்ச்ல பட்டுக் கத்துக்கிட்டேன். எனக்கு 11 வயசுல ஒரு பையன், சனிக்கிழமை காலைல பக்கத்துப் பார்க்ல ஃப்ளாக் ஃபுட்பால் ஆடுறான், இடிக்கிறது தள்றது கிடையாது, இடுப்புல தொங்குற துணியை உருவிட்டா ஆட்டம் அங்கயே நின்னுடும். இவன்தான் க்வார்ட்டர்பேக். நான் கோச்சுக்கு எடுபிடி, தண்ணி பாட்டில் தூக்குறது, கோன் வெக்கிறது. போன மாசம் ஒரு டீம் வந்துச்சு, அதுல செவப்பு ஷூ போட்ட ஒரு பொடியன் கார்னர்ல நிக்கிறான், கால்ல ஸ்பிரிங் வெச்சிருக்கான் போல, வார்ம் அப்லயே மூணு பந்தை ஒத்தக் கையால பிடிக்கிறான். எனக்கு அப்பவே கிலி பிடிச்சிடுச்சு. பையனைத் தனியாக் கூப்ட்டு, டேய் என்ன ஆனாலும் அந்த செவப்பு ஷூ பக்கம் மட்டும் போடாத, வேற எங்க வேணா போடுன்னு சொல்லிட்டேன்.

மொத பாதி நல்லாத்தான் போச்சு, ரெண்டு டச்டவுன் (பந்தை எதிரணி எல்லைக்குள்ள கொண்டு போய்ச் சேக்குறது). ரெண்டாவது பாதில நான் கவனிச்சதுதான் விஷயம். செவப்பு ஷூ முன்னாடி ஓட வேண்டிய எங்க டீம் பையன், அவனுக்கு பந்து வரவே வராதுன்னு புரிஞ்சு போச்சு, பாவம் சின்னப் பையன்தானே, ஓடுறதை விட்டுட்டு பொடிநடையா நடக்க ஆரம்பிச்சுட்டான், ஒரு தடவை நின்னு புல்லைக் கூட பிடுங்கிட்டு இருந்தான். செவப்பு ஷூ ஒரு தடவை பாத்தான், ரெண்டு தடவை பாத்தான், மூணாவது தடவை அவனை அப்படியே அம்போன்னு விட்டுட்டு நடுவுல வந்து நின்னுக்கிட்டான். என் பையன் போட்ட ரெண்டு பந்தை வரிசையா லபக்குன்னு பிடிச்சிட்டான். தோத்துட்டோம். கார்ல வரும்போது பத்து நிமிஷம் பேச்சே இல்ல, அப்புறம் பின்சீட்டுலேர்ந்து ஒரு குரல், "நீதானப்பா அந்தப் பக்கம் போடாதன்னு சொன்ன." நான் ரேடியோ சவுண்டைக் கூட்டிட்டேன், வேற என்ன பண்றது.

பெரிய ஆட்டத்துல ரிசீவர் யாரும் புல்லு பிடுங்க மாட்டாங்க, கோடிக்கணக்குல சம்பளம் வாங்குறவங்க. ஆனாலும் நீங்க போட மாட்டீங்கன்னு தெரிஞ்ச கார்னர் கண்ணு ரிசீவர் மேல இருக்காது, க்வார்ட்டர்பேக் மேலதான் இருக்கும்.

சரி, அப்ப ஒதுங்கிப் போறது எப்பவுமே தப்பான்னு கேட்டா, அதுவும் இல்ல. கார்னர்லயே ரெண்டு வகை இருக்கு, உங்க கட்டுரைல இதைத் தொடவே இல்ல. ஷெர்மன் வகை ஒரு ஓரத்துலயே நிக்கிறது. டாரெல் ரெவிஸ் வகை வேற, எதிரணில யாரு பெரிய கையோ அவன் எங்க போனாலும் பின்னாடியே போறது, பக்கம் மாறினா இவரும் மாறுவாரு. 2009ல நியூயார்க் ஜெட்ஸ்ல ரெவிஸ் ஆடுனதைத்தான் ரெவிஸ் தீவுன்னே சொல்லுவாங்க, அங்க மாட்டின ரிசீவர் தனியாள், படகு கூட வராது. அந்த செப்டம்பர்ல பேட்ரியட்ஸ் வந்தாங்க, அவங்க ரிசீவர் ரேண்டி மாஸ், எப்பேர்ப்பட்ட ஆளு, பிடிச்சது மொத்தமே 4 பந்து, 24 யார்டு. ஜெட்ஸ் 16-9ன்னு ஜெயிச்சிடுச்சு. ஷெர்மன் கிட்டேர்ந்து உங்க நல்ல ரிசீவரை ஒளிச்சு வெக்கலாம், ரெவிஸ் கிட்டேர்ந்து ஒளிக்க முடியாது, அவரைத் தவிர்க்கிறதுன்னா உங்க ஆள்லயே பெஸ்ட் ஆளை வீட்டுக்கு அனுப்புற மாதிரி.

அதையும் ஒருத்தரு பண்ணிக் காட்டினாரு. அதே சீசன், 2010 ஜனவரி 24, ஏஎஃப்சி ஃபைனல் (என்எஃப்சி மாதிரி லீக்கோட மத்த பாதி), ஜெட்ஸுக்கு எதிர்ல கோல்ட்ஸ் க்வார்ட்டர்பேக் பேட்டன் மேனிங். ரெவிஸ் அவரோட பெரிய ரிசீவர் ரெஜி வெய்ன் கூடவே ஒட்டிக்கிட்டிருந்தாரு. மேனிங் வீம்புக்கு எல்லாம் போகல, சரிப்பா நீ அவனையே கட்டிக்கிட்டு இருன்னு விட்டுட்டு பியர் கார்சோனுக்கு 11 பந்து 151 யார்டு, ஆஸ்டின் காலிக்கு 7 பந்து 123 யார்டுன்னு போட்டுக் குமிச்சாரு. கோல்ட்ஸ் 30-17. ஆக ஒதுங்கிப் போறது தப்பில்ல, ஒதுங்கிப் போற இடத்துல உங்ககிட்ட சரக்கு இருக்கணும். பேட்ரியட்ஸ் க்வார்ட்டர்பேக் பிரேடியும் 2015 பிப்ரவரி சூப்பர் பவுல்ல சியாட்டில்கிட்ட இதைத்தான் பண்ணாரு. சியாட்டில்ல ஜெரமி லேன் பிரேடி பந்தைப் பிடிச்சிட்டு ஓடும்போது கையை முறிச்சுக்கிட்டு வெளிய போயிட்டாரு, அவருக்குப் பதிலா வந்த தரோல்ட் சைமன் தலைலதான் பிரேடி மேட்ச் முழுக்க மொளகா அரைச்சாரு, லஃபெல் போட்ட டச்டவுனும் அவர் மேலதான், கடைசில எடல்மேன் போட்டதும் அவர் மேலதான். ஷெர்மன் அந்த ஓரத்துல நின்னு வேடிக்கைதான் பாத்தாரு. (அந்த மேட்ச் முடிவைப் பத்தி நான் பேசுறதா இல்ல. ஜெயிக்க ஒரு யார்டுதான் பாக்கி. பந்தை எறியாம எங்க ஓட்டக்காரர் லின்ச் கைல குடுத்திருக்கலாம். இங்க இன்னிக்கும் அதைப் பத்தி யாராவது ஆரம்பிச்சா எந்திரிச்சுப் போயிடுவாங்க.)

உங்க ஆளு இன்டர்செப்ஷன் (எதிரணி போட்ட பந்தைப் பறிக்கிறது) கணக்கை வெச்சு யாரு டாப்புன்னு ஒரு கட்டம் போட்டிருந்தாரு, அதுலயும் எனக்கு ஒரு சந்தேகம். நம்டி அசம்வான்னு ஒருத்தரு ஓக்லண்ட் ரெய்டர்ஸ்ல இருந்தாரு. 2006ல 8 இன்டர்செப்ஷன். அதுக்கப்புறம் 2007ல 1, 2008ல 1, 2009ல 1, 2010ல ஒண்ணுமே இல்ல. கட்டத்தை மட்டும் பாத்தா ஆளு காலின்னு தோணும். உண்மைல அந்த வருஷங்கள்ல அவர் பக்கம் பந்து போடவே ஆளில்ல, அதான். முரளிதரன் ஓவரை எல்லாரும் மட்டையைக் குடுத்து ஓட்டிவிட்டா விக்கெட் எங்கேர்ந்து வரும், அந்தப் பக்கம் போடுறவனுக்குல்ல வரும்.

இதுக்கு நேர் எதிர் கேஸும் இருக்கு, இது நான் வாயைப் பொளந்துக்கிட்டுப் பாத்த மேட்ச். 2021, டாலஸ் கவ்பாய்ஸோட ட்ரெவன் டிக்ஸ், அந்த சீசன்ல 11 இன்டர்செப்ஷன், லீக்லயே அதிகம். அவர் ஸ்டைலே வேற, ஷெர்மன் மாதிரி அணைகட்டி நிக்கிற ஆளு இல்ல, சூதாடுவாரு, பந்து வரும்னு தோணுச்சுன்னா ரிசீவரை விட்டுட்டு குறுக்க பாஞ்சிடுவாரு. அக்டோபர் 17, பேட்ரியட்ஸ் கூட மேட்ச், மேக் ஜோன்ஸ்னு புதுப் பையன் க்வார்ட்டர்பேக், மொத வருஷம். மேட்ச் முடிய ரெண்டரை நிமிஷம் கூட இல்ல, டிக்ஸ் பந்தைப் பறிச்சு 42 யார்டு ஓடி டச்டவுன் போட்டுட்டாரு. டாலஸ் முன்னால. வேற பையனா இருந்தா அடுத்த ஒரு மாசத்துக்கு அந்தத் திசைல தலை வெச்சே படுக்க மாட்டான். இந்த ஆளு அடுத்த பந்தையே, அடுத்த பந்தைன்னா அடுத்த பந்து சார், அதே டிக்ஸ் இருந்த பக்கம் கென்ட்ரிக் போர்னுக்குப் போட்டாரு. டிக்ஸ் மறுபடி குறுக்க பாஞ்சாரு, இந்தத் தடவை கை எட்டல, அவ்ளோதான், 75 யார்டு, டச்டவுன். கடைசில ஓவர்டைம்ல டாலஸ்தான் 35-29ன்னு ஜெயிச்சுது, அது வேற விஷயம். ஆனா உங்க கட்டுரைப்படி பாத்தா அந்தப் பையன் ஒரே நிமிஷத்துல ரெண்டு தடவை மடையன். நான் அப்படிப் பாக்கல. பாஞ்சு பழகின ஆளு மறுபடி பாய்வான், அதான் அவன் பலம், அதான் அவன் ஓட்டையும்.

இன்னொண்ணு, தப்பு நடந்தா நடுவர் வீசுற மஞ்சக் கொடி. ஓரத்துல நிக்கிற ஆளுங்க எவ்ளோ பெரிய கையா இருந்தாலும் கொஞ்சம் சட்டையைப் பிடிப்பாங்க, தோளைத் தட்டுவாங்க. ரிசீவரைப் பிடிக்க விடாம தடுத்தா பந்து தப்பு நடந்த இடத்துக்கே போயிடும், அது 40 யார்டா இருந்தா 40 யார்டு. போட்டாத்தானே கொடி விழும், போடலன்னா அவன் சட்டையைப் பிடிச்சா என்ன, பாக்கெட்ல கையை விட்டா என்ன.

சரி, கேப்பர்னிக் விஷயத்துக்கு வரேன், ஏன்னா அதுலதான் உங்க ஆளு தப்பான இடத்துல விரலை நீட்டியிருக்காரு. அன்னிக்கு மதுரைக்கார நண்பன் ஒருத்தன் சான் ஹோசேலேர்ந்து எங்க வீட்டுக்கு வந்திருந்தான், வெறி பிடிச்ச ஃபார்ட்டிநைனர்ஸ் ஃபேன். ஸ்கோர் 23-17, அவங்க பின்னாடி. சியாட்டில் 18 யார்டு கோட்டுல பந்து, ஃபர்ஸ்ட் டவுன் (நாலு முயற்சில மொதலாவது), 30 செகண்ட் இருக்கு, ரெண்டு டைம் அவுட் கைல இருக்கு. அதாவது அந்த ஒரு பந்து போனாலும் இன்னும் மூணு பந்து இருக்கு. நடுவுல ஒரு பத்து யார்டு போட்டுட்டு டைம் அவுட் கேக்கலாம், இன்னும் கிட்டப் போயிடலாம். அதை விட்டுட்டு எடுத்த எடுப்புலயே வலது மூலைல ரிசீவர் கிராப்ட்ரீக்கு தூக்கிப் போட்டாரு. ஷெர்மன் 6 அடி 3 அங்குலம், ஸ்டான்ஃபோர்டுல அவரே ரிசீவரா ஆடினவரு, பந்து காத்துல எங்க இறங்கும்னு ரிசீவருக்குத் தெரியற மாதிரியே அவருக்கும் தெரியும். அப்படிப்பட்ட ஆளு மேல மூலைக்குத் தூக்கிப் போடணும்னா ஒரே ஒரு இடம்தான் இருக்கு, ரிசீவருக்கு மட்டும் எட்டுற ஒரு முழம் இடம். பந்து அதுக்குக் கொஞ்சம் முன்னாலயே இறங்கிடுச்சு.

நண்பன் கைல மொளகா பஜ்ஜி, வாய்கிட்ட கொண்டு போனவன் அப்படியே திருப்பித் தட்டுல வெச்சிட்டான். நைட் ஃப்ளைட்டுக்கு ஏர்போர்ட் வரைக்கும் நான்தான் ட்ராப் பண்ணேன், வழில மூச்சு விடல. இறங்கிப் பெட்டியை எடுத்துட்டு ஜன்னல்ல குனிஞ்சு, "ஒரு அடி தள்ளிப் போட்டிருந்தா டச்டவுன்டா"ன்னு சொல்லிட்டுப் போயிட்டான். அவன் சொன்னது சரி. ஷெர்மன் பக்கம் போட்டதுல கூட எனக்குப் பெரிய குறை இல்ல. ஃபர்ஸ்ட் டவுன்ல, அவசரமே இல்லாத நேரத்துல, அவருக்கு ரொம்பப் பிடிச்ச பந்தைப் போட்டதுதான் குறை. பந்தைத் திரும்பிப் பாக்க அவருக்கு நேரம் குடுக்காத சின்ன ஸ்லாண்ட் (குறுக்க வெட்டி ஓடுறவனுக்குச் சட்டுனு போடுறது) இருக்கு, ஓடிட்டே சட்டுனு நின்னு திரும்புறது இருக்கு, பின்தோளுக்குப் போடுறது இருக்கு. அதெல்லாம் போட்டா பிடிக்கலன்னாலும் பந்து கீழ விழும், மேட்ச் போகாது.

பேக்கர்ஸும் இதைக் கத்துக்கலன்னுதான் சொல்லணும். செப்டம்பர்ல ஒண்ணுமே போடாதவங்க, 2015 ஜனவரி 18ல என்எஃப்சி ஃபைனலுக்கு மறுபடி இங்க வந்தப்போ பந்து கைக்கு வந்த மொத தடவையே எண்ட் ஜோனுக்குள்ள (டச்டவுன் எல்லை) ஷெர்மன் மேலயே தூக்கிப் போட்டாங்க. எதிர்ல ஒருத்தன் ஆஃப்சைட் வந்துட்டான் (ஆட்டம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே கோட்டைத் தாண்டிட்டான்), கொடி விழுந்திருக்கும், இலவசப் பந்துதானேன்னு ராட்ஜர்ஸ் நெனச்சாரு. கொடி விழல. ஷெர்மன் பிடிச்சிட்டாரு. இதுல கூட நான் ராட்ஜர்ஸை ரொம்பத் திட்ட மாட்டேன். திட்டணும்னா அதே மேட்ச் நாலாவது குவார்ட்டருக்குத்தான் திட்டுவேன். ஷெர்மனுக்கு முழங்கைல அடி, இடது கையை நெஞ்சோட ஒட்டி வெச்சுக்கிட்டு நிக்கிறாரு, நீட்டக் கூட முடியல, டிவில பாக்குற எனக்கே தெரியுது, வீட்டுல என் சம்சாரம், அவருக்கு இந்த ஆட்டத்துல அ னா ஆவன்னா தெரியாது, அவரே கேட்டாரு ஏங்க அந்த ஆளுக்குக் கை வலிக்குது போலன்னு. பேக்கர்ஸ் அவரைச் சீண்டிப் பாக்கவே இல்ல. பாதி மேட்ச்ல 16-0ன்னு முன்னால இருந்தவங்க ஓவர்டைம்ல 28-22ன்னு தோத்துட்டுப் போனாங்க. ரெண்டு கையும் இருக்கும்போது மேல தூக்கிப் போட்டாங்க, ஒரு கை இல்லாதப்போ பயந்துட்டாங்க. அவங்க பயந்தது அந்த ஆளுக்கு இல்ல சார், பேருக்கு.

உங்க கட்டுரையாளர் மேல எனக்குக் கோபம் எதுவும் இல்ல, தொடர்ந்து எழுதச் சொல்லுங்க, படிக்க ஆளு இருக்கோம். மால்கம் ஸ்மித் பேரை மட்டும் திருத்திப் போட்டுடுங்க.

வர்ற சனிக்கிழமை அந்த செவப்பு ஷூ டீமோட மறுபடி மேட்ச் இருக்கு, மழை விட்டா. மொத பந்தே அவன் பக்கம்தான்னு என் பையன் சொல்லிட்டான். சின்னதாப் போடு, உசரமாத் தூக்காதன்னு மட்டும் சொல்லி வெச்சிருக்கேன். புல்லு பிடுங்கின பையன்கிட்டயும் போன்ல சொல்லியாச்சு, அவன் இப்பவே தெருவுல ஓடிப் பழகிட்டு இருக்கானாம்.

இப்படிக்கு,
பெல்வியூலேர்ந்து உங்க வாசகன்